வெட்டுக்காரர் மருமகன்

ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி என்றார் வீடியோக்காரர். நியாயமான விலைதான். அது இப்போது தெரிகிறது, 555 கணக்குப் புத்தகத்தை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு இதை எழுதும்போது. அன்றைக்குத் தெரியவில்லை.

மாமனாருக்கு எண்பது வயது. தை மாதம் ஜொகூர் மாசாயில் ஒரு மண்டபம் எடுத்து விருந்து வைப்பதென்று முடிவு. சாப்பிட்டு முடித்ததும் எட்டு நிமிடத்துக்கு ஒரு படம் போடவேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. எங்கள் கல்யாண டேப்பிலிருந்து கொஞ்சம், கைப்பேசிகளில் கிடக்கும் பேரப்பிள்ளைகள் கொஞ்சம், மாமனார் நாலு வார்த்தை பேசுவது கொஞ்சம்.

"எட்டு நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐநூறா? நிமிஷத்துக்கு நூத்தி எண்பத்தேழரை வெள்ளி வருது" என்றேன். பாசிர் கூடாங்கில் முப்பது வருடம் கிராணி வேலை பார்த்தவன். கணக்கு வரும். வேறு எதுவும் வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளாமல், வாயில் ரொட்டி சானாயோடு அடுத்த வார்த்தையையும் சொல்லிவிட்டேன்: "நானே வெட்டித் தர்றேன்."

"பைப்ப நீங்களே மாத்துனீங்களே, அந்த மாதிரியா?" என்றாள் மனைவி. பைப் விவகாரத்தில் பக்கத்து வீட்டு அடுப்படிக்குத் தண்ணீர் போனது உண்மை. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வீடியோவில் தண்ணீர் வராது.

செய்தி மாமனாருக்குப் போனது. தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வெட்டு என்றால் பால்மர வெட்டு. மாமனார் கூலாய் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்று, நிரை பிரித்துக்கொண்டு போய் முப்பது வருடம் மரம் வெட்டியவர். பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவவேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை மறுபடி நேராக வளராது. அப்படிப்பட்டவர் என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெட்டப் போறீங்களா மாப்ள?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆயுதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக் கணினி மகள் படிக்கும்போது வாங்கியது. அவள் கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிறகு அது என் பொறுப்பில், மேலே லேஸ் துணி போர்த்தி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டு ஜிபி நினைவகம். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்த் தேநீர் கலக்கி, ஆற்றி, குடித்துவிட்டு வந்தால் திரை வெளிச்சமாகியிருக்கும். நான் கோபப்படுவதில்லை. எனக்கும் காலையில் எழுந்திருக்க அவ்வளவு நேரம் ஆகிறது.

இதில் எந்த மென்பொருளைப் போடுவது? கையில் ஒரு 555 புத்தகம் எடுத்துக்கொண்டேன். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம்தான். முதல் பக்கத்தில் '1,500' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். இதைத் தாண்டாமல் முடிப்பவனே மாப்பிள்ளை.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. விண்டோஸ் கூடவே மூவி மேக்கர் வரும். 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மி-யோடு பிறந்த பிள்ளை அது. சுதந்திர தினத்துக்குக் கொடியும் பாட்டுமாக அவள் அதில் படம் செய்வாள். பக்கம் புரள்வதுபோல, சதுரம் சுழல்வதுபோல, எழுத்து பறந்துவருவதுபோல எல்லா வித்தையும் இருக்கும். 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கு முடிவு கட்டிவிட்டது. இப்போது அந்த இடத்தில் கிளிப்சாம்ப் என்று ஒன்று, ஆஸ்திரேலியப் பிள்ளைகள் செய்தது, 2021இல் வாங்கினார்கள். காசு கொடுக்காமலே 1080 அளவு வரை படம் எடுக்கலாம். விண்டோஸ் 11இல் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். என் கணினியோ 11ஐ ஏற்கிற வயதைத் தாண்டியது. 10ஐ வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கும் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பென்ஷன் கிடைத்ததுபோல அதற்கும் கிடைத்துவிட்டது.

தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் பிரீமியர் என்ற மென்பொருளைச் சொன்னார்கள். 1991இல் மெக்கின்டாஷுக்கு வந்தது; எனக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இருக்கிறது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கி அலமாரியில் பெட்டியை அழகாக வைக்கிற வழக்கம் 2013இல் போயிற்று. அதிலிருந்து சந்தா. அமெரிக்கக் கணக்கில் மாதம் ஏறக்குறைய 23 டாலர். அதை அப்போதைய டாலர் விலையால் பெருக்கு. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு நம் அரசாங்கத்தின் வரி 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு, அதையும் சேர். நூறு வெள்ளியைத் தாண்டிவிட்டது. ஒரு மாதம் எடுத்துவிட்டு நிறுத்திவிடலாமே என்று பார்த்தால் அந்த விலை வருட ஒப்பந்தத்துக்காம்; நடுவில் விலகினால் அபராதம். அதன் தம்பி எலிமென்ட்ஸ் கொஞ்சம் சாது: 100 டாலரை ஒட்டி ஒரே தடவை கொடுத்தால் மூன்று வருடம். மூன்று வருடம் கழித்து மாமனாருக்கு எண்பத்து மூன்று. எண்பத்து மூன்றுக்கு யாரும் விருந்து வைப்பதில்லை.

பழைய ஜொகூர்க்காரனுக்கு இந்த இடத்தில் மூக்கு அரிக்கும். ஒரு காலத்தில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கோழி வறுவலுக்கும் ஜீன்ஸுக்கும் நடுவில் மேசை போட்டு, உலகத்து மென்பொருள் அத்தனையும் பிளாஸ்டிக் உறையில் விற்றார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். நானும் ஒரு பிஸ்கட் டின் நிறைய சேர்த்துவைத்திருந்தேன். பாதி வட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மலிவு என்பதுதான் அதில் இருந்தது.

அப்புறம் 2007 மார்ச்சில் நாய்கள் வந்தன. லக்கி, ஃப்ளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடார்கள். வட அயர்லாந்தில் பழக்கப்பட்டவை. அமெரிக்கப் படக் கம்பெனிகளின் சங்கம் கொண்டுவந்து இறக்கியது. வட்டு செய்கிற பாலிகார்பனேட்டின் வாசனையை மோப்பம் பிடிப்பதுதான் அவற்றின் உத்தியோகம். ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்துக்குள் போய் ஏறக்குறைய பத்து லட்சம் வட்டுகளைக் காட்டிக்கொடுத்தன. திருட்டு வட்டு முதலாளிகள் நாய்களின் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. அசல் வட்டு எது, நகல் வட்டு எது என்று அந்த நாய்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வாசனை. இந்த விஷயத்தில் எனக்கும் அவற்றுக்கும் பேதமில்லை. ஆனாலும் மனைவி அன்று இரவே டின்னைக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்துவிட்டு, பிஸ்கட் டின்னை மட்டும் கழுவி முறுக்குக்கு எடுத்துக்கொண்டாள்.

இத்தனை வருடம் கழித்தும் திருந்தவில்லை. ஓர் இணையச் சந்தையில் அதே பிரீமியர், '19 வெள்ளி, வாழ்நாள் உரிமம்' என்று கண்ணில் பட்டது. கீழே ஐந்து நட்சத்திரங்களும் 'பாஸ் ரொம்ப நல்லவர்' என்ற பாராட்டுகளும். வாங்கினேன். வந்தது உரிமம் இல்லை. யாரோ ஒரு வியட்நாம் அம்மாவின் பெயரில் ஒரு கணக்கும் கடவுச்சொல்லும். ஒன்பது நாள் வேலை செய்தது. வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். 555இல் முதல் செலவு: 19.

இனி யோக்கியமாக இலவசத்துக்கே போவது என்று முடிவெடுத்தேன். சிங்கப்பூரில் வேலை செய்கிற மச்சினன் சொன்னான், "மாமா, டாவின்சி போடுங்க மாமா. ஹாலிவூட்டே அதுலதான் கலர் பண்றான்." பொய்யில்லை. டாவின்சி ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள சாமானாகத் திரைப்படக் கூடங்களில் இருந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்தக் கம்பெனியை வாங்கி, பிறகு ஓர் இலவசப் பதிப்பை ஊருக்கே திறந்துவிட்டது. 4கே அளவு வரை வெளியே எடுக்கலாம், ஓரத்தில் முத்திரை கிடையாது. முழுப் பதிப்பு வேண்டுமானால் ஒரே தடவை 295 டாலர், சந்தா இல்லை. எனக்கு இலவசமே போதும். வெண்கலக் கடையில் யானையும் இலவசமாகத்தான் நுழைகிறது.

யானை 16 ஜிபி நினைவகம் கேட்டது. அதுவே குறைந்தபட்சம். என்னிடம் எட்டு. சரி, ராம் வாங்குவோம் என்று ஹாலிடே பிளாசா பக்கம் போனேன். நான் எந்தப் பொருளை வாங்கக் கிளம்பினாலும் அதன் விலை அன்று காலையில்தான் ஏறியிருக்கும். அது நவம்பர் மாதம். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் உலகத்து ராமையெல்லாம் கிடங்கு கிடங்காக அள்ளிக்கொண்டிருந்த நேரம். கடைப் பையன் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டான், துக்க வீட்டில் விடுவதுபோல. "அங்கிள், போன மாசம் வந்திருக்கக்கூடாதா?" 380 வெள்ளி. வட்டும் பழசு, மாற்றிவிடுங்கள் என்றான். ஒரு டெராபைட் எஸ்எஸ்டி 310.

ராம் வந்தும் பட்டாபிஷேகம் நடக்கவில்லை. டாவின்சி திறந்தது, நாலு பட்டை, ஆறு சன்னல், வட்ட வட்டமாக வண்ணச் சக்கரங்கள், விமானி அறைபோல ஜொலித்தது. ஒரு கிளிப்பை இழுத்துப் போட்டேன். நின்றுவிட்டது. இந்தக் கணினிக்குத் தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டுமாம். அந்த அட்டையின் விலையை விசாரித்தேன். வீடியோக்காரர் கண்முன் வந்து சிரித்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் டேப் கதை. எங்கள் கல்யாணம் 1994இல், தோட்டத்து மண்டபத்தில். ஒரு முழு ஈ-180 டேப், மூன்று மணி நேரம். அதை ஓட்ட ஒரு பழைய விசிஆர் தேடி 120, கணினிக்குள் அனுப்பும் யூஎஸ்பி ஒயர் 45. மூன்று மணி நேர டேப்பை உள்ளே இறக்க மூன்று மணி நேரம் ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் மின்விசிறியைப் போட்டால் படம் நெளிந்தது. வியர்வையோடு என் கல்யாணத்தை இரண்டாவது முறை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் முறையும் வியர்வைதான்.

கடைசியில் அகப்பட்டவை இரண்டு: கேடென்லைவ், ஷாட்கட். இரண்டும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மூலநிரலோடு திறந்துவிட்டவை. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே எம்எல்டி எஞ்சின். ஒரே சமையல்காரர், இரண்டு கடை. கேடென்லைவ் 2002இலிருந்து இருக்கிறது, வசதி அதிகம், பொத்தானும் அதிகம். ஷாட்கட்டில் பொத்தான் கம்மி. கம்மியாக இருந்தால் கம்மியாகத் தப்பு செய்வேன் என்று அதை எடுத்தேன். (இதற்கு முந்தி இன்னொரு மென்பொருளின் இலவசச் சோதனையில் முக்கால் வேலையை முடித்து, படத்தை வெளியே எடுத்தபோதுதான் கம்பெனிப் பெயர் மாமனார் நெற்றியில் விபூதிக்குக் குறுக்கே முளைத்திருந்தது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.)

கணினி திணறினால் 'ப்ராக்ஸி' போடு என்றார்கள். கனமான வீடியோவுக்குப் பதிலாக இளைத்த நகல் ஒன்றை வைத்து வெட்டிப் பழகிக்கொண்டு, கடைசியில் மட்டும் அசலை வைத்துப் படம் எடுப்பது. என்னைப் போன்ற ஏழைக்கென்றே யாரோ நல்லவன் கண்டுபிடித்திருக்கிறான். கணினி முதல் தடவையாக மூச்சு வாங்காமல் ஓடியது. நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

ஆனால் சாமான்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. டேப் நம் நாட்டு டிவி கணக்குப்படி நொடிக்கு 25 படம், கைப்பேசி நொடிக்கு 30. டேப் சதுரத்துக்குப் பக்கம், டிவி அகலம், மச்சினன் எடுத்தது நெட்டுக்குத்து. அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளிப்பில் அவன் பிள்ளைகள் இரண்டு கறுப்புச் சுவர்களுக்கு நடுவில் லிஃப்டில் மாட்டியவர்கள்போல் நின்று தாத்தாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். இதெல்லாம் சில்லறை. மாமனார் பேச்சுத்தான் என்னைப் படுக்கவைத்தது. கைப்பேசியில் எடுத்த நாலு நிமிடப் பேச்சு. தொடக்கத்தில் உதடும் குரலும் ஒன்றாகக் கிளம்பின. மூன்றாவது நிமிடத்தில் உதடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, குரல் இன்னும் காஸ்வே நெரிசலில் நிற்கிறது. கைப்பேசி வெளிச்சத்துக்குத் தகுந்தபடி படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து எடுக்குமாம். கோப்பைச் சேர்க்கும்போதே ஷாட்கட் கேட்டது, வெட்ட வசதியாக மாற்றித் தரட்டுமா என்று. இலவசமாகக் கேட்டால் ஏதோ சூழ்ச்சி என்று நினைத்து 'வேண்டாம்' அமுக்கியவன் நான். கோப்பை மறுபடி சேர்த்து 'சரி' அமுக்கவேண்டியதாயிற்று.

இதையாவது தனியாக இருந்து அனுபவித்திருப்பேன். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அதற்கு முன்னால் பத்துப் பதினோரு வருடம் வெள்ளி, சனி; ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜொகூர் வேலைக்குப் போயிருக்கும், சிங்கப்பூர்க்காரர்கள் வந்து கதவு தட்டினாலும் ஆள் இருக்காது. இப்போது இரண்டு கரைக்கும் ஒரே ஓய்வு. ஞாயிறு பத்து மணிக்கெல்லாம் மனைவியின் சொந்தம் என் நாற்காலிக்குப் பின்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிடும். தேநீர், முர்தாபாக், மத்தியானத்துக்கு வாழையிலைச் சாப்பாடு. ஐந்து ஞாயிற்றுக்கு 286 வெள்ளி.

மூன்று மணி நேரத்தை மூன்று நிமிடமாக்கவேண்டும். எதையாவது வெட்டினால்தானே முடியும்?

"தட்டு எடுத்துட்டு வர்ற இடத்த வெட்டலாமா?"

"ஐயோ, அதுலதான் பெரிய சித்தி வர்றாங்க."

"நாதஸ்வரம்?"

"வாசிக்கிறவரு மாமாவோட கூட்டாளி. அவரும் விருந்துக்கு வர்றாரு."

"சரி, ஒரு ஆள் சும்மா தூண்ல சாஞ்சுட்டு நிக்கிறாரே, பத்து நொடி?"

பெஞ்சில் மௌனம். அவர்தான் தூரத்து மாமாவாம், கல்யாணத்துக்குப் பணம் கொடுத்து உதவியவர். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. இந்த விருந்தில்தான் சமாதானமாகப் போகிறார்கள். அவரை வெட்டினால் இன்னொரு முப்பது வருடம். ஆக, ஆள் வருகிற எந்த இடத்திலும் கை வைக்க முடியாது. ஆள் இல்லாத இடம் என்று பார்த்தால், கல்யாண வீடியோக்காரர் கேமராவை அணைக்க மறந்து தரையைப் படம் பிடித்த நாற்பது நொடி இருந்தது. அதிலும் யாருடைய செருப்பு என்று அரைமணி நேரம் ஆராய்ந்தார்கள்.

எல்லாரும் ஒத்துக்கொண்டு வெட்டச் சொன்னது ஒன்றே ஒன்று: பந்தி. முக்கால் மணி நேரம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது மட்டுமே. கேமரா ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகப் போகும், வாளி வரும், அடுத்த பந்தி உட்காரும், கேமரா மறுபடி கிளம்பும். மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்து வெட்கப்படுவார்கள். "இத யாரு பாக்கப்போறா?" என்றான் மச்சினன். வாளி, இலை, வாய், எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் தூக்கினேன். முப்பது வருட கிராணி வாழ்க்கையில் இல்லாத அதிகார சுகம்.

மிச்சத்தை ஆளுக்குச் சில நொடியாகச் சுருக்கினேன். எக்ஸ்போர்ட் ஒரு இரவு முழுக்க ஓடியது. விடிந்து பார்த்தால் எட்டு நிமிடம் இருபது நொடி; உதடும் குரலும் ஒரே கரையில். 555இல் கூட்டினேன்: 1,160. வீடியோக்காரர் விலையில் 340 வெள்ளி மிச்சம். புத்தகத்தை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

படம் ஓடியது. கை தட்டினார்கள். பேரப்பிள்ளைகள் தங்களைப் பார்த்துக் கத்தினார்கள். தூண் மாமா தன் பத்து நொடியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாசல் பக்கம் நின்று, பாராட்டு வந்தால் எப்படித் தலையை ஆட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் கூப்பிட்டார்.

"நல்லாருக்கு மாப்ள." கொஞ்சம் நிறுத்தினார். "பந்தி எங்க?"

"அது... நீளமா இருந்துச்சு மாமா."

"தோட்டமே அதுலதான உக்காந்து சாப்பிட்டுச்சு. ஆழமா வெட்டிட்டீங்க."

மகள் நல்ல காலமாக முழு டேப்பின் கோப்பும் படம் கொண்டுவந்த அதே வட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். தன் லேப்டாப்பில் விஎல்சியைத் திறந்தாள்; 1996இல் பாரிஸ் பக்கத்தில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, ரோடு போடும் இடத்தில் வைக்கிற ஆரஞ்சு கூம்புதான் அதன் சின்னம். கோப்பை இழுத்துப் போட்டாள், ஓடியது. வெட்டு இல்லை, ப்ராக்ஸி இல்லை, ராம் இல்லை. மணி இரண்டு. மண்டபம் மூன்று மணி வரைக்கும்தான் எடுத்திருந்தோம்.

பந்தி வந்தபோது கிழவர்கள் எல்லாரும் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. வீட்டு லயம் இருந்த இடத்தில் தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. கேமரா இலை இலையாக நகர நகர, ஒவ்வொரு முகத்துக்கும் யாராவது ஒருவர் பேர் சொன்னார்கள். இது மூணாம் நம்பர் லயத்து முனியம்மா. இது லோரி ஓட்டுன சாமி. இவன் போய்ச் சேந்துட்டான். இவளும்தான். இது யாரு, ரசத்தக் கையில வாங்கிக் குடிக்கிறான்? மாமனார் பெரட்டு எடுப்பதுபோல விரலை நீட்டி ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். மகள் நிறுத்தினாள். கடைசி இலையில் ஒரு கிழவி, கேமராவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். "எங்கம்மா" என்றார். கல்யாண ஆல்பத்தில் அவள் இல்லை. போட்டோ எடுக்க வரமாட்டேன் என்று சமையல் பக்கமே இருந்துவிட்டவள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மண்டபத்துக்காரர் மூன்றரைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார், நாலுக்கு வந்து நின்றார், நாலரைக்கு அவரும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்கு டேப் முடிந்து திரை நீலமானதும் என் பக்கத்தில் வந்தார்.

"நல்லா ஓடுது பாஸ். அந்த ஆரஞ்சு கூம்பு போட்ட சாமான் எவ்வளவு?"

"இலவசம்" என்றேன்.

"ஓ" என்றார் மரியாதையாக. பிறகு கால்குலேட்டரை எடுத்தார். கூடுதல் இரண்டு மணி நேரம், 350. மனைவி தன் கைப்பையிலிருந்து 555 புத்தகத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, என்னிடம் கொடுத்தாள்.